தபாலில் ஹாக்கி கையெழுத்து: யாருக்கு எழுதினால் பதில் வரும்?

பச்சை உறை

எல்லோருக்கும் வணக்கம். வீரர் படம் போட்ட ஐஸ் ஹாக்கி அட்டைகள் சேர்க்கிறேன். காசு கொடுத்து வாங்கும் கையெழுத்து அட்டையைவிட, வீரருக்கே கடிதம் எழுதி, நாம் அனுப்பிய அட்டையில் கையெழுத்து வாங்குவதில்தான் எனக்கு ஆசை. போன சீசன் முழுக்க என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்) அணிகளின் அரங்க முகவரிக்கு எழுதினேன். எல்லாமே ஆல்ஸ்டார் ரகப் பெயர்கள். ஒரு அணியிடமிருந்து மட்டும் பதில் வந்தது, அதுவும் கையெழுத்தோடு சேர்த்தே அச்சடித்த ஒரு போட்டோ. நான் அனுப்பிய அட்டை திரும்பவில்லை.

இந்த வழக்கமே முடிந்துபோய்விட்டதா? கடிதத்தில் ஏதாவது குறையா? முகவரி தப்பா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலாவது லைன்

தம்பி, உங்கள் கடிதத்திலும் உறையிலும் ஒரு குறையும் இருக்காது. ஆளைத் தேர்ந்தெடுத்த இடத்தில்தான் சிக்கல்.

ஒரு முன்னணி வீரர் பெயருக்கு வரும் தபால் நேராக அவர் கைக்குப் போவதில்லை. அணியின் மக்கள் தொடர்பு ஆட்கள் பிரிப்பார்கள். சில அணிகள் கையெழுத்துக்கு என்று வரும் எதையும் வாங்குவதில்லை என்றே அறிவித்திருக்கின்றன. சில அணிகள் அச்சடித்த அட்டையைப் போட்டு அனுப்பிவிடும். அதோடு பெரிய வீரர்கள் பலருக்குக் கையெழுத்தே தனி வியாபாரம். ஹாக்கியின் பெரிய நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி பல வருடங்களாக அட்டை தயாரிக்கும் அப்பர் டெக் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருப்பவர். அவர் கையெழுத்து ஹாலோகிராம் ஒட்டி விற்கப்படும்போது, உங்கள் உறைக்குள் இலவசமாக வந்து விழும் என்று எதிர்பார்க்க முடியுமா?

இப்போது மறுபக்கம் பாருங்கள். 1967-ல் என்.எச்.எல்.-லின் ஆறு அணிகள் பன்னிரண்டாயின. 1979-ல் போட்டி லீக்கான டபிள்யூ.எச்.ஏ. கலைந்து, எட்மன்டன், வின்னிபெக், கியூபெக், ஹார்ட்ஃபோர்டு நான்கும் உள்ளே வந்தபோது இருபத்தொன்று. அந்தக் காலத்தில் நான்கு சீசன், ஐந்து சீசன் ஆடிவிட்டு இன்ஷூரன்ஸ் வேலைக்கும், பண்ணைக்கும், ஜூனியர் அணிப் பயிற்சிக்கும் போன வீரர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஓ-பீ-சீ நிறுவன அட்டை இருக்கிறது. கடிதம் எழுதத்தான் ஆள் இல்லை. என் ஆல்பத்தில் இருப்பதில் பெரும்பகுதி அவர்களுடையதுதான். கையெழுத்து மட்டுமா, சிலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

இப்போது ஆடுகிறவர்தான் வேண்டும் என்றால் மூன்றாவது, நாலாவது லைன் (மாறி மாறி இறங்கும் வரிசைகளில் பின்னால் வருபவை) ஆட்கள், இரண்டாவது கோலி (வலை காப்பவர்), அப்புறம் என்.எச்.எல்.-லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல். அணிகள். அங்கேயும் 32 அணிகள் இருக்கின்றன. இன்று அங்கே இருக்கும் பையன் மூன்று வருடத்தில் எங்கே இருப்பான் என்று யாருக்குத் தெரியும்?

சந்தேகப் பேர்வழி

அண்ணா, நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தபாலில் வந்த கையெழுத்து அவருடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மனைவி போட்டிருக்கலாம், உதவியாளர் போட்டிருக்கலாம், இயந்திரம் போட்டிருக்கலாம். போட்டபோது பார்த்த சாட்சி யாரும் கிடையாது. 1994-95 சீசனிலேயே 'பி எ ப்ளேயர்' வரிசையில் பாக்கெட்டுக்கு ஒரு கையெழுத்து அட்டை போட்டு விற்றார்கள். நிறுவனமே உத்தரவாதம் தருகிறது. அதை விட்டுவிட்டு உறை, ஸ்டாம்ப், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் எதற்கு? விற்கப்போனாலும் தபால் கையெழுத்துக்கு மதிப்புக் குறைவு.

நாலாவது லைன்

விற்கிறதற்காக என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, இந்த வேலையே வேண்டாம். நிறுவன அட்டை நேராக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் உத்தரவாதம் என்கிறீர்களே, அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இப்போது வரும் நிறுவன அட்டைகளில் நிறைய ஸ்டிக்கர் கையெழுத்துதான். ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் தாளை வீரருக்கு அனுப்புவார்கள், அவர் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தருவார், நிறுவனம் அதை அட்டையில் ஒட்டும். அந்த அட்டையை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். நான் அனுப்பிய பழைய அட்டையை அந்த மனுஷன் கையில் எடுத்து, இளமையில் எடுத்த தன் மீசை போட்டோவைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது. உங்களுக்குப் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம், அதில் சண்டை இல்லை.

கோலி மாஸ்க்

இயந்திரக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆட்டோபென் ஒரே அச்சில் ஓடுவது. அதே வீரரின் இரண்டு கையெழுத்தை வெளிச்சத்துக்கு எதிரே ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மனிதக் கை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி போடாது. கோடு முழுக்க ஒரே தடிமனில் இருந்தால், தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்றது போல ஒரு புள்ளி இருந்தால், சந்தேகப்படலாம். அச்சடித்ததா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும்: அச்சில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். பேனா மை அட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும், சாய்த்துப் பிடித்தால் தனியாக மினுங்கும்.

வேறு ஆள் போட்டதைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். நேரில் வாங்கிய மாதிரிகளோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற சான்றளிப்பு நிறுவனங்களும் அதைத்தான் செய்கின்றன. அவர்கள் தருவது கருத்து, சாட்சி அல்ல. பிரபலமில்லாத ஒருவருடைய கையெழுத்துக்கு, சான்று வாங்கும் செலவு அட்டை விலையைவிடப் பல மடங்கு ஆகும்.

இதிலும் நாலாவது லைன் அண்ணா சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. 1982-ல் ஐம்பது ஆட்டம் ஆடிய ஒரு டிஃபென்ஸ்மேனுக்கு ஆட்டோபென் எதற்கு?

பச்சை உறை

நன்றி. அட்டை, பேனா விஷயத்தையும் சொல்லிவிடுங்களேன். நான் அனுப்பியது எல்லாமே புதிய பளபளப்பு அட்டைகள்.

கோலி மாஸ்க்

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், நீளமாகத்தான் வரும்.

முதலில் அட்டை. 1970, 80-களின் ஓ-பீ-சீ அட்டை மாதிரி கையெழுத்துக்கு ஏற்றது எதுவும் இல்லை. பூச்சு இல்லாத சொரசொரப்பான அட்டை, மையை அப்படியே பிடித்துக்கொள்ளும். அடுத்தது 1990-91. அந்த ஒரே சீசனில் புரோ செட், ஸ்கோர், அப்பர் டெக் எல்லாம் ஹாக்கிக்குள் நுழைந்து மலைமலையாக அச்சடித்துத் தள்ளின. இன்றைக்கும் அள்ள அள்ளக் கிடைக்கும். அந்தக் காலத்தில் நடுத்தர வீரருக்கும் மூன்று நான்கு நிறுவன அட்டை இருக்கும் என்பது நமக்கு லாபம். தொலைந்தாலும் மனசு வலிக்காது. அதனால்தான் சொல்கிறேன், திரும்பி வராவிட்டால் தூக்கம் போகும் என்கிற அட்டையை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். ரூக்கி அட்டை (வீரரின் முதல் சீசன் அட்டை) அனுப்பிவிட்டுப் புலம்புகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

பளபளப்பு அட்டைதான் இருக்கிறது என்றால், துளி பேபி பவுடரைத் தொட்டு மென்மையான துணியால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்ப்பவர்களும் உண்டு. மேலே இருக்கும் வழுக்கல் போனால் மை முத்து முத்தாகத் திரளாது. உலோகம் போல மின்னும் குரோம் ரகத்தில் இதைச் செய்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

பேனா என்றால் நீல ஷார்ப்பி மார்க்கர். கறுப்பு மை அச்சுக் கையெழுத்து போலத் தெரியும், நீலம் எடுப்பாகத் தெரியும். கறுப்பு ஜெர்சி போட்டோவுக்கு வெள்ளி நிறப் பெயின்ட் பேனா. பேனாவை உறைக்குள் போடாதீர்கள். உறை உப்பும், வரிசைப்படுத்தும் இயந்திரத்தில் மாட்டும். வீரர்களிடம் ஷார்ப்பி இல்லாமல் இருக்காது. வந்த பிறகு வெயில் படாத இடத்தில், பி.வி.சி. கலக்காத உறையில் வையுங்கள். ஷார்ப்பி மை வெளிச்சத்தில் வெளுக்கும். சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்தால் சில வருடத்தில் வெறும் நிழல்தான் மிஞ்சும்.

கெட்டிப் பிளாஸ்டிக் டாப்லோடரில் போட்டு அனுப்புகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அட்டையை அதிலிருந்து உருவி எடுத்து மறுபடி சொருகுவது அவருக்கு ஒரு வேலை. இரண்டு மெல்லிய அட்டைத் துண்டுக்கு நடுவே வைத்தால் போதும்.

எல்லை தாண்டி

டாப்லோடருக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. வளையாத உறை என்றால் அமெரிக்கத் தபால் துறை இயந்திரத்தில் போகாத கடிதம் என்று கூடுதல் கட்டணம் கேட்கும். அங்கே கடிதத்துக்குக் கால் அங்குலம்தான் தடிமன் எல்லை. கனடாவில் 5 மில்லிமீட்டர், 50 கிராம்.

பச்சை உறை தம்பி கனடாவா அமெரிக்காவா தெரியாது. நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் இடறி விழும் இடம் முத்திரைதான். பதில் வர உங்கள் முகவரி எழுதி உள்ளே வைக்கிற சுயவிலாச உறை எந்த நாட்டிலிருந்து புறப்படுமோ அந்த நாட்டு முத்திரை ஒட்ட வேணும். அமெரிக்க வீரருக்கு எழுதும்போது திரும்பி வரும் உறையில் கனடா முத்திரை ஒட்டினால் அது வெறும் படம். சரி என்று அமெரிக்க ஃபாரெவர் முத்திரை ஒட்டினாலும் போதாது, அது உள்நாட்டுக் கட்டணம் (2025 ஜூலையில் 78 சென்ட் ஆனது). எல்லை தாண்டி வர குளோபல் ஃபாரெவர் வேணும். முந்தி இதற்கென்றே, அந்தந்த நாட்டு முத்திரையாக மாற்றிக்கொள்ளும் சர்வதேச பதில் கூப்பன் இருந்தது. அமெரிக்கத் தபால் துறை அதை 2013 ஜனவரியோடு விற்பதை நிறுத்திவிட்டது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிற ஃபாரெவர் முத்திரைகளை வாங்காதீர்கள், போலிகள் புழங்குகின்றன என்று தபால் துறையே எச்சரிக்கிறது.

இன்னொன்று. 2018 ஜனவரியில் இருந்து அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போகிற சாதாரணக் கடித உறையில் ஆவணம் மட்டும்தான் போகலாம். பொருள் என்றால் பார்சல், சுங்கப் படிவம். ஒரு ஹாக்கி அட்டையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று கவுண்டரில் வாதாட எனக்குப் பொறுமை இல்லை. அதனால் அந்தப் பக்கம் எழுதும்போது கடிதத்தோடு மூன்றுக்கு ஐந்து அங்குல வெற்று இண்டெக்ஸ் கார்டு மட்டும் வைக்கிறேன். கனடாவுக்குள் என்றால் அட்டை. என்.எச்.எல்.-லில் 32 அணியில் ஏழுதான் கனடா அணி என்றாலும், ஓய்வுபெற்ற கனடாக்காரர் கணக்கே இல்லை.

சந்தேகப் பேர்வழி

இண்டெக்ஸ் கார்டா! என் மாமா காலத்துச் சேகரிப்பு மாதிரி இருக்கிறது.

எல்லை தாண்டி

மாமாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்து எவ்வளவு தெளிவாக விழும் தெரியுமா? பக்கத்தில் கையெழுத்தில்லாத அட்டையை வைத்துச் சட்டம் போட்டால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

பனிக்காலம்

இடையில் ஒரு கேள்வி. என் பெண்ணுக்குப் பதினொரு வயது, கோலியாக ஆடுகிறாள். பெண்கள் லீக் வீராங்கனைகளுக்கு எழுத வேண்டும் என்கிறாள். அதுவும் இதே முறைதானா? கடிதத்தை நான் திருத்திக் கொடுக்கலாமா?

நாலாவது லைன்

திருத்தாதீர்கள் அக்கா! எழுத்துப்பிழையோடு அப்படியே போகட்டும். குழந்தை எழுதிய கடிதம் என்று உறையைப் பிரித்ததும் தெரிய வேண்டும்.

நீங்கள் சொல்லும் பெண்கள் லீக், பி.டபிள்யூ.எச்.எல்., 2024 ஜனவரி 1-ந் தேதிதான் முதல் ஆட்டம் ஆடியது. ஆறு அணிகளோடு தொடங்கி 2025-26 சீசனில் சியாட்டில், வான்கூவரும் சேர்ந்து எட்டு ஆனது. லீக் இன்னும் இளசு, எழுத இதுதான் நேரம். கோலி என்றால் மனோன் ரேயோம் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். 1992 செப்டம்பர் 23-ந் தேதி டாம்பா பே அணிக்காக ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் வலை காத்தவர், என்.எச்.எல். அணிக்காக இறங்கிய முதல் பெண்.

கோலி மாஸ்க்

பாப்பா தான் கோலி என்பதை முதல் வரியிலேயே எழுதட்டும். கோலிகள் ஒரு தனி ஜாதி, ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

பச்சை உறை

கடிதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். நான் டைப் செய்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன்.

நாலாவது லைன்

கையால் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். "நான் உங்கள் மிகப் பெரிய ரசிகன்" என்று ஆரம்பிக்கவே கூடாது, எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவரைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த மாதிரி ஒரு விஷயம் வேண்டும்: ஒரு ஆட்டம், ஒரு கோல், ஒரு தடுப்பு. பழைய புள்ளிவிவரத்தைத் தேடினால் கிடைக்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி, பதில் சொல்ல அவருக்கே ஆசை வருகிற மாதிரி.

எனக்கு நன்றாகப் பலித்த கேள்வி ஹெல்மெட். 1979 ஜூன் 1-க்குப் பிறகு முதல் ஒப்பந்தம் போட்டவர்கள்தான் கட்டாயம் ஹெல்மெட் போட வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன்பு வந்தவர்கள் விரும்பினால் வெறுந்தலையோடே ஆடலாம். அப்படி ஆடிய கடைசி ஆள் கிரெய்க் மக்டாவிஷ், 1997 வரை ஆடினார். எழுபதுகளில் ஆடிய ஒரு டிஃபென்ஸ்மேனிடம் நீங்கள் ஏன் போட்டீர்கள், ஏன் போடவில்லை என்று கேட்டேன். அட்டையில் கையெழுத்துப் போட்டதோடு, என் கடிதத்தின் பின்பக்கம் முழுக்க, ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதி அனுப்பினார். வெறுந்தலையோடு ஆடியபோது யாரும் தடியை உயர்த்தமாட்டார்கள், ஹெல்மெட் வந்த பிறகுதான் உயர ஆரம்பித்தது என்பது அவர் கட்சி. அந்தக் கடிதத்தை எந்த விலைக்கும் கொடுக்கமாட்டேன்.

பெரிய வீரர்கள் எழுதமாட்டார்கள் என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மாண்ட்ரியலின் ஜான் பெலிவோ, வீரராக மட்டும் பத்து ஸ்டான்லி கப் (என்.எச்.எல். கோப்பை) வென்றவர், ரசிகர் கடிதங்களுக்குத் தானே பதில் எழுதுகிறவர் என்று பெயரெடுத்தவர். கையெழுத்தும் ஒவ்வொரு எழுத்தும் படிக்கிற மாதிரி இருக்கும். 2014-ல் காலமானார். இன்றைய பையன்கள் போடுவதை ஜெர்சி எண்ணை வைத்துத்தான் யாரென்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது!

சந்தேகப் பேர்வழி

சரி, கொஞ்சம் மனசு மாறுகிறது. ஆனால் ஓய்வுபெற்றவர்கள் என்றால் வீட்டு முகவரிக்குத்தானே எழுத வேண்டும்? அது எனக்கு உறுத்துகிறது. ஒரு எழுபது வயசுக்காரர் தபால்பெட்டியைத் திறந்தால் முன்பின் தெரியாதவன் முகவரி தேடிப்பிடித்து எழுதியிருக்கிறான். பயமாக இருக்காதா?

கோலி மாஸ்க்

எனக்கும் உறுத்தும். இப்போது ஆடுகிறவர்களின் வீட்டுக்கு எழுதுவதே இல்லை, அணிக்கு மட்டும்தான்.

நாலாவது லைன்

நியாயமான கேள்வி. என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் அவர் இன்று எங்கே வேலை செய்கிறார், எந்த அணியின் முன்னாள் வீரர் சங்கத்தில் இருக்கிறார், ஹாக்கிப் பள்ளி நடத்துகிறாரா என்று பார்ப்பேன். அங்கே எழுதலாம். வீட்டு முகவரியை அவரே கையெழுத்துக்காக வெளியிட்டிருந்தால் மட்டும் வீட்டுக்கு. இந்த இழையில் யாரும் யாருடைய வீட்டு முகவரியையும் போட வேண்டாம், கேட்கவும் வேண்டாம். ஒரு முறை பதில் வராவிட்டால் மறுமுறை தட்டவும் கூடாது. சிலர் அறக்கட்டளைக்கு ஒரு சிறு நன்கொடை கேட்பார்கள். கேட்ட தொகையை அனுப்புங்கள், பேரம் பேசாதீர்கள்.

ஒரே உறையில் ஏழெட்டு அட்டை அனுப்புவது எனக்கு அதைவிடப் பெரிய தொல்லையாகப் படுகிறது. இரண்டுக்கு மேல் வேண்டாம். நிறைய வாங்கி இணையத்தில் விற்றவர்களால்தான் பலர் இப்போது பெயர் போட்டு, "இன்னாருக்கு" என்று எழுதித் தருகிறார்கள். விற்க முடியாது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். என் பெயர் அந்த எழுத்தில் இருப்பதைவிட எனக்கு என்ன வேண்டும்?

எல்லை தாண்டி

அணிக்கு எழுதுகிறவர்களுக்கு: அரங்கத்தைவிடப் பயிற்சி மைதான முகவரி மேல். தினமும் அவர்கள் இருக்கிற இடம் அதுதான். முகவரியை ஒவ்வொரு சீசனும் புதிதாகப் பாருங்கள். டெட்ராய்ட் 2017-ல் ஜோ லூயிஸ் அரங்கத்தை விட்டு வெளியேறியது. அரிசோனா அணியே 2024-ல் யூட்டாவுக்குப் போய்விட்டது. பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால் உறை ஊர் சுற்றும்.

நேரமும் முக்கியம். செப்டம்பர் பயிற்சி முகாமும் அக்டோபர் தொடக்கமும் நல்ல காலம். மார்ச்சில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள் வரும், அதை ஒட்டி எழுதினால் ஆள் வேறு நகரத்தில் இருப்பார். பிளேஆஃப் நேரத்தில் யாருக்கும் தபால் பார்க்க மனசு இருக்காது. அப்புறம் கனடாவில் தபால் வேலைநிறுத்தத்தையும் கணக்கில் எடுங்கள்: 2024 நவம்பர் 15 தொடங்கி டிசம்பர் 17 வரை ஒன்றுமே ஓடவில்லை, 2025 செப்டம்பர் கடைசியில் மறுபடி. பதில் வரவில்லை என்று வீரரைத் திட்டுவதற்கு முந்திச் செய்தியைப் பாருங்கள்.

பச்சை உறை

எல்லோருக்கும் நன்றி. ஆல்ஸ்டார்களை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். 1990-91 அட்டை ஒரு பெட்டி கிடக்கிறது, அதிலிருந்து டிஃபென்ஸ்மேன்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: சுயவிலாச உறையை மடித்துத்தான் வைக்க வேண்டுமா? மடித்தால் அட்டை அந்த மடிப்பில் வளைந்து வருமே.

எல்லை தாண்டி

மடிக்க வேண்டாம். வெளி உறை பத்தாம் எண் அளவு, உள் உறை அதைவிடச் சற்றுச் சிறிய ஒன்பதாம் எண். ஒன்பது பத்துக்குள் அப்படியே போகும். முத்திரையை வாங்கும்போதே ஒட்டிவிடுங்கள், அனுப்புநர் இடத்தில் அந்த வீரர் பெயரைச் சின்னதாக எழுதிவிடுங்கள். நாலைந்து மாதம் கழித்து உறை வரும்போது, கையெழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் யாருடையது என்று தெரியும்.